பிறந்த மண்ணை நோக்கி

பறவை எத்துணைத் தொலைவு சென்று இரை தேடினும், பொழுது சாயும் வேளையில் தன் கூட்டை நாடியே பறக்கின்றது. மேய்ச்சலுக்குச் சென்ற பசு, ஓட்டுவார் இன்றியே அந்திப்பொழுதில் தன் தொழுவம் வந்து சேர்கின்றது. மனிதனும் அவ்வாறே. கல்வி கருதியும் தொழில் கருதியும் அவன் ஊர்விட்டு ஊர் செல்கின்றான். கடல் கடந்தும் செல்கின்றான். சென்ற இடத்தில் வீடு கட்டுகின்றான், பொருள் ஈட்டுகின்றான், மக்களைப் பெற்று வளர்க்கின்றான். எனினும், தான் ஓடி விளையாடிய தெருவும், நீந்திக் களித்த குளமும், ஏறி இறங்கிய மரமும் அவன் நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை. முதுமை நெருங்க நெருங்க அந்நினைவு வலுப்பெறுகின்றது. ஒரு முறையேனும் அங்குச் சென்று வருதல் வேண்டும் என்னும் ஆவல் எழுகின்றது.

அவ்வாவல் எழுந்தபோது மக்கள் எவ்வாறு சென்றனர்? சென்று எதனைக் கண்டனர்? கண்டபின் யாது செய்தனர்? இவ்வினாக்களுக்கு உரிய விடைகளை மதுரை மாநகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் தெளிவாகக் காட்டுகின்றன.

சக்கரத்தின்மேல் ஓர் இல்லம்

மேலை நாடுகளில், வீட்டையே வண்டியில் அமைத்துக்கொண்டு ஊர்தோறும் செல்லும் வழக்கம் உண்டு. உண்பதற்கு மேசை, உறங்குவதற்குக் கட்டில், சமைப்பதற்கு அடுப்பு ஆகிய யாவும் அவ்வண்டிக்குள்ளேயே இருக்கும். இன்று மோட்டார் வண்டியாக விளங்கும் இது, முற்காலத்தில் குதிரைகள் பூட்டிய வண்டியாக இருந்தது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பார் ஸ்காட்லாந்து நாட்டிற் பிறந்தவர். கடற்படை மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் நூலாசிரியராகப் புகழ்பெற்றவர். அவர் 1885-ஆம் ஆண்டில் இரு குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்து, அதில் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து புறப்பட்டுத் தம் தாய்நாடாகிய ஸ்காட்லாந்து வரையில் சென்றார். இன்பம் கருதி இவ்வாறு செல்வோருக்கு அவர் ஒரு முன்னோடி ஆவர்.

அமெரிக்க எழுத்தாளராகிய ஜான் ஸ்டைன்பெக்கின் பயணம் இன்னும் சிந்தனைக்கு உரியது. அவர் 1902-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்துச் சாலினாஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையில் அவ்வூர்ப் பள்ளத்தாக்கின் வயல்களையும் குன்றுகளையும் சுற்றித் திரிந்தவர். பிற்காலத்தில் அந்நாட்டின் கிழக்குக் கரையில் குடியேறினார். 1960-ஆம் ஆண்டில், தம் 58-ஆம் அகவையில், சிறு பார வண்டி ஒன்றன்மேல் வீடுபோன்ற கூண்டைப் பொருத்தி, ‘சார்லி’ என்னும் நாயைத் துணையாகக் கொண்டு நாடு முழுவதும் சுற்றிவரப் புறப்பட்டார். வண்டிக்கு ‘ரோசினாந்தே’ என்று பெயரிட்டார். அது செர்வாண்டிஸ் எழுதிய கதையில் வரும் குதிரையின் பெயர்.

வழியில் தம் இளமைக்கால ஊர்ப்பக்கத்தையும் அவர் அடைந்தார். சிற்றூர்கள் பெருகி நகரங்களாகியிருந்தன. பழைய நண்பர் பலர் இறந்துபட்டிருந்தனர். எஞ்சியிருந்தோர்க்கும் அவருக்கும் இடையே காலம் ஒரு சுவர்போல் நின்றது. இறுதியில் அவர் தம் நாயுடன் பிரிமாண்ட் என்னும் குன்றின் உச்சிக்கு ஏறி, தாம் விளையாடிய பள்ளத்தாக்கை ஒருமுறை கண்குளிர நோக்கிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போயினார். இப்பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1962-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இலக்கியத்திற்குரிய நோபல் பரிசும் அவ்வாண்டிலேயே அவருக்குக் கிடைத்தது.

பிறந்த மண்ணைத் தனியே காணச் சென்றவர், தனியே மீண்டார். பார்த்து வருதல் ஒன்றே மீள்தலின் பயன் ஆகுமா? இவ்வினாவை நெஞ்சிற்கொண்டு மதுரைச் சமவெளியை நோக்குவோம்.

மலைகளும் கண்மாய்களும்

மதுரை, வையை ஆற்றின் கரையில் அமைந்த தொன்னகரம். அதனைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் சமதளம். அச்சமதளத்தினூடே ஆங்காங்கே பாறைக் குன்றுகள் திடீரென எழுந்து நிற்கின்றன. வடகிழக்கில் யானை படுத்திருப்பதுபோன்ற தோற்றமுடைய யானைமலையும், மேற்கில் பாம்பு நீண்டு கிடப்பதுபோன்ற நாகமலையும், தென்மேற்கில் பசுமலையும், தெற்கில் திருப்பரங்குன்றமும் காணப்படும். வடக்கே அழகர்மலை நீல நிறத்துடன் தோன்றும். வழிப்போக்கர்க்கு இக்குன்றுகளே திசைகாட்டிகள். யானைமலையின் அடிவாரத்தில் உள்ள நரசிங்கப் பெருமாளின் குடைவரைக் கோயில், 770-ஆம் ஆண்டில் பாண்டியனின் அமைச்சனாகிய மாறன் காரி என்பவனால் எடுக்கப்பட்டது.

வையை வற்றாத ஆறன்று. மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மணலாகக் கிடக்கும். ஆகவே, பெய்த மழையைத் தேக்கிவைத்தே இந்நாட்டு மக்கள் பயிர்செய்து வந்தனர். நிலத்தின் சரிவுக்கு ஏற்பக் கரை எழுப்பி அமைத்த பெரிய நீர்நிலைகள் ‘கண்மாய்’ எனப்படும். கண்மாய்க்கு நீர் கொணரும் கால்வாய் வரத்துக்கால். வயலுக்கு நீர் விடும் வாயில் மடை. மிகுந்த நீர் வழிந்து செல்லும் இடம் கலுங்கு. ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் நீர், மறுகால் வழியே அடுத்த கண்மாயை அடையும். இவ்வாறு கண்மாய்கள் மணிமாலைபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தன. குடிநீருக்கெனத் தனியே ஊருணியும் இருந்தது.

1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் பெரியாற்று அணை முற்றுப்பெற்றது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டு வையையிற் கலந்தது. அங்கிருந்து கால்வாய்கள் வழியே மேலூர்ப் பகுதியை வளப்படுத்தியது. 1959-ஆம் ஆண்டில் வையை அணையும் திறக்கப்பட்டது. எனினும், கால்வாய் எட்டாத ஊர்கள் பல. அங்கெல்லாம் வானம் பொய்த்தால் வயல் வறண்டது. வறண்ட ஊரிலிருந்து மக்கள் வெளியேறினர். சிலர் மதுரைப் பஞ்சாலைகளுக்கும், சிலர் சென்னைக்கும் கோவைக்கும், சிலர் இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளுக்கும் சென்றனர். வயிறு அவர்களை வெளியே அனுப்பியது. நெஞ்சோ ஊரிலேயே தங்கியது.

கூண்டு வண்டி

இவ்வாறு பிரிந்தோரும், அருகிருந்த ஊர்களில் வாழ்ந்தோரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் மூதாதையர் மண்ணுக்கு மீள்வதற்கு உதவியது கூண்டு வண்டியாகும். அதனைச் செய்யும் தச்சர், குடத்தில் ஆரக்கால்களைச் செருகி, வட்டையைக் கூட்டி, கொல்லரைக் கொண்டு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவித்துச் சக்கரத்தை முடிப்பர். அச்சும், ஏர்க்காலும், நுகத்தடியும் உறுதியான மரத்தால் ஆனவை. சக்கரம் கழன்றுவிடாமற் காப்பது ஒரு சிறு கடையாணி. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்னும் பழமொழியின் பொருளை வண்டியோட்டும் சிறுவனும் அறிவான். மூங்கிற் பிளாச்சுகளை வில்போல் வளைத்து, அவற்றின்மேல் பாய் வேய்ந்தால் கூண்டு ஆயிற்று.

பயணத்திற்கு முதல்நாள் வீடே பரபரப்புற்றிருக்கும். வண்டியின் உட்புறம் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரிப்பர். அரிசி, பருப்பு, புளி, மிளகாய் வற்றல் ஆகியவற்றை மூட்டைகளாகக் கட்டி வைப்பர். முதல் இரு வேளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்வர். செம்பும் பானையும் அகப்பையும் ஒரு சாக்கில் அடங்கும். அடுப்பு மட்டும் ஏற்றப்படுவதில்லை. மூன்று கற்கள் எவ்வூரிலும் கிடைக்குமன்றோ! முதியோரும் குழந்தைகளும் கூண்டினுள் அமர்வர். இளைஞர் வண்டியின் பின்னே நடந்து வருவர். இரவில் அச்சின்கீழ் அரிக்கேன் விளக்கு ஒன்று தொங்கி அசையும். மாடுகளின் கழுத்து மணியோசை கேட்டவாறே குழந்தைகள் உறங்கிவிடுவர்.

வழியில் தங்குவதற்கு இடங்கள் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகள் அமைத்து மரங்கள் நடுவித்தும் சத்திரங்கள் கட்டுவித்தும் புகழ்பெற்றார். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரில் உள்ள சத்திரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்குச் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. சத்திரம் இல்லாத இடத்தில் ஆலமரத்தடியே சத்திரமாயிற்று. மாடுகளை அவிழ்த்து நீர் காட்டியபின், வண்டியின் நுகத்தடியை ஒரு கட்டையின்மேல் தாங்கவைப்பர். கூண்டினுள் பெண்டிர் உறங்குவர். வண்டியின்கீழ் ஆடவர் படுப்பர். மேலை நாட்டார் பெரும்பொருள் செலவிட்டுச் செய்துகொள்ளும் வீட்டு வண்டியை, மதுரைச் சீமையின் உழவர் மூங்கிலும் பாயும் கொண்டே ஆக்கிக்கொண்டனர் எனலாம்.

திருவிழாவும் குலதெய்வமும்

வண்டிகள் பெருந்திரளாகக் கூடும் காலம் சித்திரைத் திருவிழா. மீனாட்சியம்மையின் திருமணம் முடிந்தபின், மதுரைக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள அழகர்கோயிலிலிருந்து அழகர் புறப்பட்டு, வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கி, தல்லாகுளத்தில் எதிர்சேவை ஏற்று, சித்திரைப் பௌர்ணமியன்று வையையில் இறங்குவார். முற்காலத்தில் அழகர் தேனூரில் ஆற்றில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கரே அவ்விழாவை மதுரைக்கு மாற்றினார் என்றும் வழிவழியாகக் கூறுவர். வண்டியூரிலுள்ள தேனூர் மண்டபம் அப்பழந்தொடர்பை இன்றும் நினைவூட்டுகின்றது. நூற்றுக்கணக்கான ஊர்களிலிருந்து வந்த வண்டிகள் வையையின் மணற்பரப்பிலும் தோப்புகளிலும் அவிழ்த்து விடப்பட்டிருந்தமையை முதியோர் இன்றும் வியந்து பேசுவர். அங்குப் பிரிந்த உறவினர் கூடினர், மணப்பேச்சுகள் முடிந்தன, பழைய பகைகள் தீர்ந்தன. இன்றும் மரபு விடாது மாட்டு வண்டி கட்டி அழகர்கோயிலுக்கு வரும் ஊரார் உளர்.

மாசி மாதத்துச் சிவராத்திரியோ குடும்பத்திற்கே உரிய விழா. அன்று ஒவ்வொரு குடியினரும் தத்தம் குலதெய்வத்தின் கோயிலை நாடிச் செல்வர். அக்கோயில் பெரும்பாலும் கோபுரமும் மதிலும் உடையதன்று. கண்மாய்க்கரையில் ஒரு மரத்தடி, சில கற்கள், வேல், மண்குதிரை ஆகியவையே அங்குக் காணப்படும். ஆயினும், எத்துணைத் தொலைவில் வாழ்ந்தாலும் அவ்விடமே அக்குடியினர்க்கு முகவரி. உசிலம்பட்டிப் பக்கத்தில், வழிபாட்டுப் பொருள்கள் அடங்கிய பெட்டியைத் தலையிற் சுமந்து மக்கள் கோயிலுக்கு நடந்தே செல்லும் காட்சி உள்ளத்தை உருக்கவல்லது.

ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்று குடியேறுவோர், தம் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துச் செல்வதுண்டு. அதற்குப் ‘பிடிமண்’ என்று பெயர். புதிய ஊரில் அம்மண்ணை வைத்துப் புதுக் கோயில் அமைப்பர். ஆயினும், மண்ணைக் கொண்டுபோனவர்க்கு மண்ணோடு ஒரு கடனும் உடன்போகின்றது. மூலக் கோயிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரவேண்டும். வரி கொடுத்து விழாவிற் பங்குகொள்ளவேண்டும். வர இயலாதவர் தம் பங்கையேனும் அனுப்பிவைப்பர்.

இங்கேதான் ஸ்டைன்பெக்கின் பயணத்திற்கும் இப்பயணத்திற்கும் உள்ள வேறுபாடு புலப்படுகின்றது. அவர் வாழ்நாளின் பிற்பகுதியில் தம் இளமையைத் தேடி வந்தார்; அது கிடைக்கவில்லை. இவர்களோ ஆண்டுதோறும் வருகின்றனர். தம் இளமையைத் தேடாமல், தம் குழந்தைகளின் இளமையை இம்மண்ணில் ஊன்றிச் செல்கின்றனர்.

விரைவு வந்தது, வழி மறைந்தது

காலம் மாறியது. கூண்டு வண்டிகள் அருகின. பேருந்தும் லாரியும் வந்தன. பின்னர் வேன்கள் வந்தன. இரண்டு இரவுகள் செலவிட்டுக் கடந்த வழியை இன்று இரண்டு மணி நேரத்தில் கடக்கலாம். சமையற் பாத்திரமும், எரிவாயு அடுப்பும், தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு, நான்கு தலைமுறையினர் ஒரே வேனில் குலதெய்வக் கோயிலுக்கு வருவதை இன்றும் காணலாம். விரைவு மிகுந்தமையால் உடல் வருத்தம் குறைந்தது, அது நன்மையே. ஆனால், வண்டி மெல்லச் சென்றபோது சிறுவர் தாமாகவே கற்ற பாடம் ஒன்று இருந்தது. எந்த மரத்தடியில் நிழல் உண்டு, எந்தக் கிணற்றில் நன்னீர் உண்டு, எந்தக் கண்மாய் எந்த ஊருக்கு உரியது என்பவற்றை அவர்கள் வழியிலேயே அறிந்தனர். இன்று அதனை யாரேனும் சொல்லித்தான் அறிதல் வேண்டும்.

திருப்பூரில் வாழும் குடும்பம் ஒன்று சிவராத்திரிக்கு முதல்நாள் வேனில் புறப்பட்டு, மதுரையைக் கடந்து மேலூர்ச் சாலையிற் செல்வதாகக் கொள்வோம். முதியவர் ஒருவர் சன்னலோரம் அமர்ந்திருக்கின்றார். பேரன் அவர் மடிமேற் சாய்ந்து வெளியே நோக்குகின்றான்.

“தாத்தா, அதோ யானை படுத்திருப்பதுபோல் தெரிகிறதே!”

“அதுதான் யானைமலை, ஐயா. அது கண்ணிற்பட்டதும், இனி ஊர் வந்துவிடும் என்று என் தகப்பனார் சொல்லுவார். உடனே நான் வண்டியிலிருந்து குதித்து மாடுகளுக்கு முன்னே ஓடுவேன்.”

“நீங்கள் நீந்திய கண்மாய் எங்கே தாத்தா? மூன்றாள் ஆழம் என்று சொன்னீர்களே!”

சிறிது நேரத்தில் வேன் ஊர் எல்லையில் நிற்கின்றது. முதியவர் இறங்கிக் கரைமேல் ஏறுகின்றார். பேரனும் உடன் ஏறுகின்றான். கரைக்கு உட்புறம் நீரைக் காணோம். சீமைக்கருவேல மரங்கள் அடர்ந்து கிடக்கின்றன. மடையின் கற்கள் சரிந்து மண்மூடியுள்ளன. வரத்துக்கால் இருந்த இடத்தில் தடமும் இல்லை.

“இதுதான் கண்மாயா, தாத்தா? ஏன் ஒருவரும் இதனை வெட்டிச் சரிசெய்யவில்லை?”

முதியவர் சற்று நேரம் வாய்திறக்கவில்லை. பின்னர், “வெட்டவேண்டியவர்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டோம், ஐயா” என்கின்றார்.

அவ்விடையில் உண்மை இருக்கின்றது. ஊர் மாறிவிட்டதே என்று வருந்துவோர், அம்மாற்றத்தில் தம் பங்கு யாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்மாய் தானே தூர்ந்துபோவதன்று. கைகள் விலகியமையால் தூர்ந்தது.

மண்ணுக்குச் செலுத்தும் கடன்

முற்காலத்தில் கண்மாயைக் காப்பது ஊராரின் கடமையாக இருந்தது. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் கூடி, வரத்துக்காலைத் தூர்வாரிக் கரையை உயர்த்துவர். இதனைக் ‘குடிமராமத்து’ என்றனர். கட்டாய உழைப்பைப் பற்றி 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டமும் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. நாளடைவில் நீர்நிலைகளின் பொறுப்பு அரசின் கைக்குச் சென்றது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஊர்க் கூட்டுழைப்பு தளர்ந்தது. தமிழ்நாட்டு அரசு, பழைய குடிமராமத்தின் பெயராலேயே 2017-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கிக் கண்மாய்களைச் சீர்செய்ய முற்பட்டது. எனினும், ஊரார் நெஞ்சில் உரிமையுணர்வு இல்லையாயின் எத்திட்டமும் நெடுநாள் நிலைபெறாது.

அவ்வுணர்வு உள்ள இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு மேலூரை அடுத்த அரிட்டாபட்டி சான்றாகும். குன்றுகள் சூழ்ந்த அவ்வூரில் சமணர் படுக்கைகளும், தமிழ் பிராமிக் கல்வெட்டும், குடைவரைச் சிவன் கோயிலும், பல நீர்நிலைகளும், சுனைகளும் உள்ளன. அரிய வல்லூறுகள் அக்குன்றுகளில் வாழ்கின்றன. 2022-ஆம் ஆண்டில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டில், அப்பகுதியையும் உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் கனிமம் அகழும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. மேலூர்ப் பகுதி மக்கள் திரண்டு தம் மறுப்பைத் தெரிவித்தனர். 2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பெருந்திரளாக மதுரை நோக்கிச் சென்றனர். அத்திங்களிலேயே ஒன்றிய அரசு அவ்வேலத்தை நீக்கிவிட்டதாக அறிவித்தது. குன்றையும் சுனையையும் தம் உறவாகக் கருதியமையால் அம்மக்கள் அவற்றைக் காத்துக்கொண்டனர்.

ஒளியோடு மீண்டவர்

ஊரில் தங்கியிருந்தே அதனைக் காப்போர் ஒருவகையினர். ஊரைவிட்டுச் சென்று, கற்ற கல்வியோடு மீண்டு வந்து தொண்டு செய்வோர் மற்றொரு வகையினர். கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி இரண்டாம் வகையினர்க்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆவர். அவர் 1918-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் கரிசற் சிற்றூரில் உழவர் குடும்பத்திற் பிறந்தார். அவ்வூர்ப் பள்ளியில் தாளும் பேனாவும் இல்லை. மணலைப் பரப்பி விரலால் எழுதியே மாணவர் கற்றனர். அவருடைய இளமையில், உறவுப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றுக்கு முன்னரே நோயுற்று இறந்தனர். காப்பாற்ற அவ்வூரில் மருத்துவர் இல்லை. தாம் மருத்துவராகவேண்டும் என்னும் உறுதி அன்று அவர் உள்ளத்தில் பிறந்தது.

1944-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, படைத்துறையிற் சேர்ந்தார். அங்கு அவரை மூட்டுவாத நோய் கடுமையாகப் பற்றியது. விரல்கள் வளைந்து கோணின. பேனாவைப் பிடிப்பதும் அரிதாயிற்று. மகப்பேற்று மருத்துவராகும் எண்ணத்தை அவர் கைவிட நேர்ந்தது. ஆயினும், அவர் மனம் தளரவில்லை. கண் மருத்துவம் பயின்று, வளைந்த விரல்களாலேயே நுண்ணிய கருவிகளைக் கையாளப் பழகினார். 1956-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து, அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பணியாற்றினார்.

கண்புரையால் பார்வை இழந்தோரிற் பலர் சிற்றூர்களில் வாழும் ஏழை முதியோர் என்பதை அவர் கண்டார். அவர்கள் மருத்துவமனையைத் தேடி வர இயலாது, துணைக்கு வருவோரின் கூலி கெடும், வழிச்செலவும் மிகும். ஆகவே, மருத்துவக் கருவிகளையும் உதவியாளர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவர் ஊர்களை நோக்கிச் சென்றார். பள்ளிக்கூடங்களும் சத்திரங்களும் கண் மருத்துவ முகாம்களாயின. ஒருகாலத்தில் மருத்துவர் இன்மையால் உறவினரை இழந்த சிற்றூர்ச் சிறுவன், சிற்றூர்களுக்கு மருத்துவமனையையே கொண்டுசென்றான் என்பது எண்ணுந்தோறும் இன்பம் தருகின்றது.

1976-ஆம் ஆண்டில், 58-ஆம் அகவையில், அரசுப்பணியினின்று ஓய்வுபெற்றார். ஸ்டைன்பெக் தம் வீட்டு வண்டியிற் புறப்பட்டதும் இதே அகவையில்தான். ஓய்வுபெற்ற மருத்துவரோ, உடன்பிறந்தாரின் துணையோடு மதுரையில் 11 படுக்கைகள் கொண்ட கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதுவே அரவிந்த் கண் மருத்துவமனை. பொருள் உடையோர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு இல்லாதார்க்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்யும் முறையை அது கைக்கொண்டது. அவர் தம் கைகளாலேயே ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார் என்பர். 2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் வகுத்த தொண்டு மறையவில்லை.

அம்மருத்துவமனையின் முகாம்களில் கண்புரை உள்ளோரெனக் கண்டறியப்படுவோர், பேருந்தில் மதுரைக்கு அழைத்துவரப்படுகின்றனர். வரும்போது ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு தடுமாறி ஏறுகின்றனர். அறுவை முடிந்து சில நாட்களில் அதே பேருந்து அவர்களை ஊருக்குத் திரும்ப அழைத்துச் செல்கின்றது. இப்பொழுது அவர்களுக்குத் தோள் வேண்டுவதில்லை. சன்னல் வழியே யானைமலை தெரிகின்றது, வயல் தெரிகின்றது, ஊரெல்லை ஆலமரம் தெரிகின்றது, எதிர்கொண்டு ஓடிவரும் பேரக்குழந்தையின் முகமும் தெரிகின்றது. இளமையில் கண்ட மண்ணை மீண்டும் காண்பது என்பதன் முழுப்பொருளை அறிந்தவர் அம்முதியோரே ஆவர்.

முடிவுரை

பிறந்த மண்ணுக்கு மீளும் வண்டி, கூண்டு வண்டியாக இருக்கலாம், வேனாக இருக்கலாம், கட்டிலும் அடுப்பும் அமைந்த மோட்டார் இல்லமாகவும் இருக்கலாம். எவ்வண்டியில் வருகின்றோம் என்பது பெரிதன்று. எதனைக் கொண்டுவருகின்றோம் என்பதே பெரிது. வெறுங்கையோடு வருபவர்க்கு ஊர் தன் பழைய முகத்தைக் காட்டுவதில்லை. உழைப்போ, கல்வியோ, பொருளோ, அன்போ ஒன்றைக் கொண்டுவருபவர்க்கு அது புதிய முகத்தோடு நல்வரவு கூறுகின்றது.

மேலே கூறிய பேரன், அன்று கரையிலிருந்து இறங்குமுன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தன் கைக்குட்டையில் முடிந்துகொள்வானாயின், முதியவர் அவனைத் தடுக்கமாட்டார். அம்மண் வெறும் நினைவுப்பொருளன்று, அது பிடிமண். அதனை எடுத்துச் செல்பவன் மீண்டும் வருதற்குக் கடமைப்பட்டவன். அடுத்த சிவராத்திரிக்கு அவன் வரும்போது, வேனில் ஏற்றப்படும் பொருள்களோடு இரண்டு மண்வெட்டிகளும் இருக்குமாயின், அக்கண்மாயில் மீண்டும் நீர் நிற்கும் நாள் தொலைவில் இல்லை.